ரூபனுக்குப் படைத்த சோறு

யசோதரா சோற்றுக் கோப்பையை மேசையில் கொண்டுவந்து வைப்பதற்குள் தனோஜனின் வாய் நிறைந்திருந்தது. ஒரு பருக்கையும் உள்ளே போகவில்லை. ஆனால் நாக்கின் மேல் விளைமீன் குழம்பு, அதுவும் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்ட குழம்பு, கடைசியில் விட்ட தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கூடிப்போன வெந்தயத்தின் கைப்புமாக மெல்லப் பரவி, கடைவாய்க்குள் புகுந்து, தொண்டையைத் தடவிக்கொண்டு கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் வாழையிலையின் பச்சை மணம். அதற்கும் பின்னால், எங்கோ அடியில், சாராயம். அவன் சாராயம் தொடாதவன். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத பொடியன் என்பதற்காகத்தான் யசோதராவின் தாய் அந்தக் காதலுக்குக் கடைசியில் சம்மதித்தாள்.

கோப்பையில் இருந்தது வெள்ளைச் சம்பாச் சோறும் பருப்பும் போஞ்சிக் கறியும். அவன் ஒரு வாய் அள்ளிப் போட்டான். நனைந்த பஞ்சை மெல்லுவது போல இருந்தது. வயிறோ விருந்துண்ட வயிறாக முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன், உறைப்புக் கூடிப் போச்சா?" என்றாள் யசோதரா.

"இல்லை. வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு."

யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தின் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. மூதூருக்குப் போகும் கடைசி லோஞ்ச் படகு போய்விட்டது. அந்தக் கரையில் சீனன்குடாப் பக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது அவன் வாயிலிருந்த ருசியும் நின்றது. யாரோ சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்ட மாதிரி நின்றது. அவன் எழுந்துபோய்க் கை கழுவினான்.

இனி அவனுடைய தொழிலைச் சொல்லத்தான் வேண்டும். மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் முன்னறையைச் சாத்திக்கொண்டு அவன் நாள் முழுக்கப் போனில் கதைப்பான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை என்று யசோதராவுக்குச் சொல்லியிருந்தான். உண்மையில் அவன் பிள்ளைகளாக இருந்து சம்பாதித்தான். கொழும்பிலிருந்து ஒருவன் இலக்கங்களை அனுப்புவான், எல்லாம் வயசான தாய்மாரின் இலக்கங்கள். தனோஜன் எடுத்து, "அம்மா..." என்று பாதி அழுகையில் நிறுத்துவான். அந்தப் பாதி அழுகைக்குள் எந்தத் தாயும் தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவாள். "ஆர், சுகந்தனா?" என்பாள். அவ்வளவுதான் வேலை. அவன் ஒருநாளும் பேர் சொல்லமாட்டான். பேரை அவர்கள் வாயால் எடுப்பான். "ஓம் அம்மா" என்றால் அன்றைக்கு அவன் சுகந்தன். பிறகு விபத்து, பொலிஸ், சிறை, எது வாய்க்கிறதோ அது. போனை வைக்கவேண்டாம், அக்காவுக்குச் சொல்லவேண்டாம், அவமானம் அம்மா, ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். தெரியாத இலக்கங்களை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று தெருவில் போனால், யன்னலைத் திறந்துவைத்து ரசித்துக் கேட்பான். அந்த எளிய சீவன்களின் நகையும் சேமிப்பும் அவனுக்குச் சோறாகி இருந்தன. ஒருநாளாவது நித்திரை கெட்டான் என்று சொல்ல முடியாது.

சாம்பல்தீவு இலக்கத்துக்கு அவன் எடுத்தது போன கிழமை ஒருநாள், பொழுதுபட்டு இருட்டும் மைமல் நேரத்தில். பேர் இரத்தினேஸ்வரி என்று கொழும்புக்காரன் அனுப்பியிருந்தான். மறுபக்கம் போனை எடுத்ததும் முதலில் கேட்டது கடல். வாடைக் காற்றில் அலை கரையில் விழுந்து விழுந்து இழுபடும் இரைச்சல், அதற்குள்ளே பலபேர் பக்கத்தில் நின்றும் ஒருவரும் மூச்சுவிடாமல் இருக்கும் ஒரு கனத்த அமைதி.

"அம்மா..." என்றான். பிறகு குரலைக் கூட்டி, "அம்மா, நான்தான்."

"ரூபன்," என்றது ஒரு பெண் குரல். அது கேள்வியாக இல்லை. தூரத்தில் நிற்கும் பிள்ளையை வளவுக்குள் நின்று கூப்பிடும் குரல்.

"ஓம் அம்மா."

"ரூபன்!"

"ஓம்."

"ரூ...பன்!"

"ஓம் அம்மா, ரூபன்தான்."

அப்போது அந்தக் கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதறிய கதறல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது. சந்தோசம் என்று நினைத்தான். கடலில போனனியே ராசா, எங்கயடா நிக்கிறாய் என்று அவள் அலற, அவன் அதையே பிடித்துக்கொண்டான். இயந்திரம் பழுதாகிப் படகு இழுபட்டுப் போனது, பர்மாக்காரர் பிடித்து வைத்திருக்கிறார்கள், தண்டம் கட்டினால் விடுவார்கள். அடுத்த நாளே அவள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி விற்றுக் காசைப் போட்டாள். அவன் அதில் மகள் மிதுஷாவுக்கு ஒரு மூன்றுசில்லுச் சைக்கிள் வாங்கினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மைமலுக்கும் ருசி வந்தது. ஒருநாள் சூடைமீன் பொரியலும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். இன்னொருநாள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். எப்போதும் முடிவில் சாராயம், அதற்குப் பிறகு ஒரு வெற்றிலையின் காரம். வீட்டுச் சாப்பாடு மட்டும் வாயில் ஒட்டவில்லை. யசோதரா நாள்தோறும் ஒரு கறி கூட்டிச் சமைத்துப் பார்த்தாள். அவன் கோப்பையைத் தள்ளிவைத்தான், ஆனாலும் மெலியவில்லை. கன்னம் ஊதி, கண்ணுக்குக் கீழே சதை வைத்து, விரல் நுனிகள் அதிக நேரம் தண்ணீரில் கிடந்த மாதிரிச் சுருங்கிக்கொண்டு வந்தன.

ஒருநாள் பின்னேரம் அவன் மாடி விறாந்தையில் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் யசோதரா வந்து தோளைப் பிடித்து உலுப்பினாள்.

"எத்தினை தரம் கூப்பிடுறது? காது கேக்கேல்லையா?"

"கூப்பிட்டனியா?"

"குசினிக்குள்ள இருந்து கத்துறன், தெருவுக்கே கேட்டிருக்கும்." அவள் சிரித்தாள். "இந்தா, இப்பவும் கூப்பிடுறன், பாருங்கோ."

அவள் உதடு அசைந்தது. காற்றாடியின் கிறீச்சு கேட்டது, கீழே சைக்கிள் மணி கேட்டது, மிதுஷா தன்பாட்டில் பாடுவது கேட்டது. அவள் வாயிலிருந்து வரவேண்டிய பேர் மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம், அலை உள்ளே இழுபட்டு வெளியே வருவதற்கு இடையில் கரையில் வரும் அந்த ஒரு கண அமைதி.

"கேட்டுதா?"

"ஓம்," என்றான் தனோஜன். பொய் சொல்லிப் பழகிய வாய்.

"நாள் முழுக்க அந்தப் போனைக் காதில வச்சுக் காது போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கைப்பிடி ஈரமாக இருந்தது. மழை பெய்திருக்கவில்லை.

அதே கிழமை மின்சாரம் போன ஒரு பொழுதில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினான். கேற்றடியில் வழக்கம்போல, பட்டணத்துத் தெருக்களில் திரியும் மான்கள் நின்று யாரோ கொட்டிய மரக்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தன. ஆள் நடந்தால் விலகி வழிவிடுகிற மான்கள். அவன் நடுவால் நடந்தான். ஒன்றும் விலகவில்லை, ஒன்றும் தலை நிமிரவில்லை. ஒரு கிளைக்கொம்பு மான் அவன் துடையில் உரசிக்கொண்டே தோலைப் பொறுக்கியது. படியடியில் வீட்டுக்காரர் ஆதம்பாவா டோர்ச்சை அடித்தார்.

"ஆரு தம்பி? மேல ஆள் இரிக்காங்க. ஆருக்கிட்ட வந்தீங்க?"

"ஆதம்பாவா நானா, நான்தான்."

"நான்தான் எண்டா ஆரு?"

தனோஜன் வாயைத் திறந்தான். பதில் சட்டென்று வரவில்லை. கிழவர் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஓ, நம்ம மேல்வீட்டுத் தம்பியா? முகம் என்னமோ மாறி இரிக்கு. கடலுக்குப் போயிட்டா வாறீங்க? உடம்பெல்லாம் மண்ணெண்ணையும் வலையும் மணக்குது," என்றார். வழியை விட்டார், ஆனால் அவன் படியேறி முடியும்வரை வெளிச்சத்தை அணைக்கவில்லை.

அன்றைக்கு இரவு அவன் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்காளித்தான். உள்ளே போகிறதை வெளியே எடுத்துவிட்டால் தீரும் என்று நினைத்தான். குளியலறைச் சீமெந்தில் விழுந்ததை மெழுகுதிரியைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தான். சிவத்த அரிசிச் சோறு. மீன்முள். கறிவேப்பிலை. அவர்கள் வீட்டில் சிவத்த அரிசி வாங்குவதே இல்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அவன் சல்லியில் பிறந்து வளர்ந்தவன். சாம்பல்தீவுக்கு அடுத்த ஊர். சின்ன வயசில் பெரியப்பா கடலில் போய்த் திரும்பாமல், உடம்பும் கிடைக்காமல் போனபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று ஊரே கரைக்கு வந்தது. உடம்பு கிடைக்காதவனுக்குப் படைக்க முதல் கடலைப் பார்த்து மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். மூன்றுக்கும் பதில் வராது. வராதபடியால்தான் அவன் போய்விட்டான் என்று ஒப்புக்கொண்டு, அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலையில் போட்டு, அவன் பேர் சொல்லிப் படைத்துக் கதவைச் சாத்துவார்கள். கூப்பிடும் நேரம் அம்மா அவனுடைய வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெங்காயம் மணத்த உள்ளங்கை. "சத்தம் போட்டிடாதை ராசா. ஆரும் ஓம் எண்டா, படைக்கிறதெல்லாம் அவனுக்குப் போயிடும்." கைக்குழந்தைகளைக்கூட அன்றைக்குக் கரைக்குக் கொண்டுவரவில்லை.

இரத்தினேஸ்வரி மூன்று தரம் கூப்பிட்டாள். அவன் மூன்று தரம் ஓம் என்றான்.

சாவதைப் பற்றி அவனுக்கு அவ்வளவு பயம் வரவில்லை. பயம் வந்தது வேறு. அடுத்த நாள் காலை மிதுஷாவைத் தூக்கப் போனபோது அவள் அவனைப் பார்த்துவிட்டு, பின்வாங்கி, தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள். "அப்பாவிட்டப் போங்கோ செல்லம்," என்றாள் யசோதரா. பிள்ளை எட்டிப் பார்த்து, தலையாட்டி மறுத்தது. யசோதரா சிரித்தாள், ஆனால் அவளும் அவனைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். இந்த இரண்டு பேரும் தன்னை யாரோ என்று பார்க்கும் நாள் வரப்போகிறது, இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும், என்று அவனுக்குத் தெரிந்தது. ஊரார் தாய்மாரிடம் பிள்ளைகளைப் பொய்யாகக் கொடுத்தவனுக்குத் தன் பிள்ளை என்றதும் நெஞ்சு பதறியது. அன்றைக்குப் பின்னேரமே மோட்டச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாம்பல்தீவுக்கு வெளிக்கிட்டான். அவசரத்தில் சொந்தப் போனை மேசையில் விட்டுவிட்டு, தொழில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்ததை உப்புவெளி தாண்டித்தான் கவனித்தான். திரும்ப மனமில்லை.

பாலத்தைத் தாண்டியதும் தந்திக்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தது. ஜெயரூபன். மீசை அரும்பிய, வெயிலில் கறுத்த, சிரிக்கத் தெரியாமல் சிரிக்கும் முகம். தனோஜன் சைக்கிளை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போனான். அந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு, அன்று காலை முகம் வழிக்கக் கண்ணாடியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை.

வீட்டை யாரிடமும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. கை தானாக ஒழுங்கையில் திருப்பியது. கால் தானாகப் படலையைத் தள்ளியது. முற்றத்தில் நாலைந்து பெண்கள் குந்தியிருந்தார்கள். குசினிப் பக்கமிருந்து வந்த விளைமீன் குழம்பின் மணத்தில் அவன் வாய் ஊறியது. வீட்டில் எத்தனை நாளாக ஊறாத வாய். கதவடியில் கதிரையில் இருந்தவள் எழுந்தாள். காது இரண்டும் மூளியாக இருந்தன.

"வா," என்றாள் இரத்தினேஸ்வரி. "மைமலுக்கு முதல் வந்திட்டாய். நல்லது."

"அம்மா, நான் உங்கட மகன் இல்லை."

"தெரியும்."

"அண்டைக்குப் போனில கதைச்சது நான். பொய் சொன்னனான். காசைத் திருப்பித் தாறன் அம்மா, முழுக்கத் தாறன், தோட்டை மீட்டுத் தாறன்."

"காசை உன்னட்ட ஆர் கேட்டது?"

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ர பிள்ளை ஒவ்வொரு மைமலுக்கும் அந்த வேலிக்கு அங்கால வந்து நிக்கிறான். ஈரத்தோட நிக்கிறான். பசியோட நிக்கிறான். நான் சமைக்கிறன், படைக்கிறன், கதவைச் சாத்துறன். அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான், அவனால இலையைத் தொட ஏலாது. அவன்ர பேருக்கு நீயெல்லோ ஓம் எண்டனி? அவன்ர சோத்தை நீயெல்லோ தின்னுறாய்?"

"எனக்குத் தெரியாது அம்மா. அண்டைக்கு எட்டுச் செலவு எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா வேற ஒரு தாய்க்கு எடுத்திருப்பாய்." அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "முதல்ல எனக்கும் விளங்கேல்லை. அவன் இருக்கிறான் எண்டு சந்தோசப்பட்டனான். அடுத்த நாள் மைமலுக்கு வேலியடியில அவனைக் கண்டன். கண்ட பிறகுதான் விளங்கிச்சு. எட்டு ஒருநாள் படைக்கிறது. நான் அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் படைக்கிறன். உனக்காகத்தான் படைக்கிறன். தின்னத் தின்ன நீ அவனாகிறாய்."

"நிப்பாட்டுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"அவனுக்குச் சொல்லிப்போட்டன். மகனே, உன்ர இலையில ஒருத்தன் இருக்கிறான், இனி நீ அவன்ர கோப்பையில போய் இரு எண்டு. இண்டைக்கு அவனை வேலியடியில காணேல்லை."

தனோஜன் வேலியைப் பார்த்தான். கிடுகு வேலிக்கு வெளியே மணலில் ஒரு ஆள் நின்ற அளவுக்கு நிலம் கறுத்து நனைந்திருந்தது. நனைந்த தடம் ஒழுங்கைப் பக்கம் போயிருந்தது. பட்டணத்துக்குப் போகிற பக்கம்.

"எனக்கு ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளை இருக்கு அம்மா."

"எனக்கும் ஒண்டுதான் இருந்தது."

அவன் மணலில் முழந்தாளிட்டான். பெண்கள் யாரும் அசையவில்லை. அழுதான், இந்தத் தரம் முழு அழுகை, ஏதாவது வழி சொல்லுங்கோ என்று அவள் காலைப் பிடித்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"வழி இருக்கு," என்றாள். "நான் மறைக்க மாட்டன். உள்ளுக்குப் போ. இலைக்கு முன்னால நிண்டு, நான் ரூபன் இல்லை, நான் இன்னார் எண்டு உன்ர பேரைச் சொல்லு. சொன்னால் சரி. கதவைத் திறந்து விடுறன், போ."

அவ்வளவுதானா? அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. எழுந்து, மணலைத் தட்டாமல், உள்ளே ஓடினான். பின்னால் கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது.

குத்துவிளக்கு ஒன்று. தலைவாழை இலை. சிவத்த சோறு, ஆவி பறந்தது. குழம்பு. பொரியல். ஒரு குவளை சாராயம். சுவரில் மாலை போட்ட படம். படத்தின் கண்ணாடியில் விளக்கு மினுங்கியது, முகம் தெரியவில்லை. யன்னல் இல்லை. கடல் இரைந்தது, சுவருக்கு மிகப் பக்கத்தில் இரைந்தது.

"நான் ரூபன் இல்லை," என்றான். "நான்..."

நின்றான்.

"நான்..."

நாக்கு பல்லில் தட்டியது. முதல் எழுத்தைத் தேடியது. காணவில்லை. பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிட்டது நினைவில் இருந்தது, வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி இருந்தது, முன்வாங்கில் இருந்தவனின் பேர் இருந்தது. அவனுடையது இல்லை. யசோதரா காதுக்குள் முதன்முதல் கூப்பிட்ட நாள் இருந்தது. அவள் மூச்சு இருந்தது. பேர் இல்லை. அடையாள அட்டையை இழுத்தெடுத்தான். உறைக்குள் தண்ணீர். பேர் இருந்த இடம் ஊதி, மை கரைந்து, நீலமாக வழிந்தது.

வாய் ஊறியது.

இல்லை. இல்லை.

போன். சட்டைப் பையில் போன். மனசில் பதிந்த ஒரே இலக்கம். அழுத்தினான். மணி போனது. போனது. எடுத்தாள்.

"ஹலோ, ஆர்?"

"யசோ! நான்தான்!"

"நான்தான் எண்டா ஆர்?"

"யசோ, என்ர பேரைச் சொல்லு. ஒருக்காச் சொல்லு. ஒண்டும் கேளாதை, விளக்கம் பிறகு சொல்லுறன். பேரை மட்டும் சொல்லு யசோ."

அவள் குரல் தெளிவாக, பயமில்லாமல், பாடம் ஒப்புவிப்பது போல வந்தது.

"பேரை நாங்கள் சொல்லமாட்டம். உங்களை மாதிரி ஆக்கள் பேரை எங்கட வாயாலயே எடுப்பினம் எண்டு எனக்குத் தெரியும். அழுவினம், நான்தான் எண்டுவினம், அவசரம் எண்டுவினம். ஆர் கேட்டாலும் பேரைக் குடுக்காதை, உடன வை எண்டு என்ர அவர் சொல்லித் தந்தவர்."

சொல்லித் தந்தவன் அவன்தான். கலியாணம் முடித்த புதிதில், தன் தொழில் தன் வீட்டுக்குள் மட்டும் வந்துவிடக்கூடாது என்ற அக்கறையில், அவளைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்திருந்தான். கெட்டிக்காரி, ஒன்றையும் மறக்கவில்லை.

"அது நான்தான் யசோ! நான்தான் உனக்குச் சொல்லித் தந்தனான்! நான் சாம்பல்தீவில..."

"அவர் இஞ்சதான் இருக்கிறார். இப்பதான் வந்தவர். சாப்பிடுறார்."

கோப்பையில் விரல் வழிக்கும் சத்தம் கேட்டது. பசித்துக் கிடந்தவன் அவசரமாக அள்ளி அள்ளித் தின்னும் சத்தம். சொட்டுச் சொட்டாக ஏதோ நிலத்தில் விழுந்தது. மிதுஷா கலகலவென்று சிரித்தாள்.

"அம்மா, அப்பா எல்லாம் ஈரம்!"

"மழையில நனைஞ்சிட்டாரம்மா, தலையைத் துடைச்சு விடுங்கோ." அவள் வாய் போனை விட்டு விலகியிருந்தது.

"ஆர் யசோ?" என்று கேட்டது ஒரு ஆண் குரல். வாய் நிறையச் சோற்றோடு கேட்டது. அவனுடைய சொந்தக் குரல்.

"ஆரோ கள்ளன்," என்றாள் யசோதரா. "வைக்கிறன்."

வைத்தாள்.

அவன் மறுபடி அழுத்தினான். எடுக்கவில்லை. மறுபடி. அந்த இலக்கத்தை அவள் தடுத்துவிட்டிருந்தாள், அதையும் அவன்தான் பழக்கியிருந்தான். போன் கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் சீமெந்தில் விழுந்தது போல இல்லை. குனிந்து பார்த்தான். கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, நுரையோடு, மெல்ல, கணுக்காலைத் தொட்டு.

கதவின் நீக்கலால் முற்றம் தெரிந்தது. பெண்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய கால் காய்ந்த மணலில் இருந்தது. எல்லாரும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் இரத்தினேஸ்வரி மட்டும் வாயைப் பொத்தாமல், கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இலை மிதக்கவில்லை. சோறு நனையவில்லை. ஊறி வெளுத்து, நகம் கழன்ற ஒரு கை, அவனுடைய சொந்தக் கை, இலைக்கு மேலே நீண்டு, குழம்பைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, உருட்டி எடுத்து, தண்ணீர் நெஞ்சுவரை வந்த பிறகும் ஒவ்வொரு கவளமாக அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டே இருந்தது.